போனிலேயே கைது செய்ய முடியுமா? சைபர் மோசடி பற்றி ஓர் எளிய விளக்கம்

2023ஆம் ஆண்டில் இந்தியர்கள் சைபர் மோசடிகளில் இழந்த பணம் சுமார் 7,465 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே, 2024இல், அது 22,845 கோடியாக ஏறிவிட்டது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்கு இது. புகார் கொடுத்தவர்களின் பணம் மட்டும்தான் இதில் சேரும். வெட்கப்பட்டு வாய் மூடிக்கொண்டவர்கள் இழந்தது எந்தக் கணக்கிலும் வராது.

இவ்வளவு பணமும் வங்கிகளின் கம்ப்யூட்டரை உடைத்து எடுக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் பெரும்பகுதியை அனுப்பியது பணத்தின் சொந்தக்காரர்தான். செயலியைத் திறந்தது அவர், பின் நம்பரை அழுத்தியதும் அவர். சில வழக்குகளில் வங்கிக்கு நேரில் போய், வரிசையில் நின்று, பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அப்படிச் செய்யும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் திருடனின் வேலை முழுவதும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். பயமும் அவசரமும் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும்.

ஏன் இவ்வளவு பெருகியது?

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து மொபைல் டேட்டா விலை சரிந்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. அதுவரை நோட்டு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்கள் சில வருடங்களுக்குள் போன் வழியாகப் பணம் அனுப்பப் பழகிவிட்டார்கள். கொரோனா ஊரடங்கு, பென்ஷன் வாங்கும் பெரியவர்களையும் இதற்குள் கொண்டுவந்தது. பூக்காரம்மாவின் கூடையில்கூட க்யூஆர் அட்டை தொங்கும் இந்த வசதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் செக் கொடுத்துப் பணம் கைமாறிய காலத்தில் நடுவே இரண்டு மூன்று நாள் இருந்தது. அதற்குள் மகனோ, வங்கிக்காரரோ "எதுக்கு இவ்வளவு பெரிய தொகை?" என்று கேட்டுவிடுவார். இன்று அந்த இடைவெளி சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது. கேட்க ஆள் இல்லை.

அடுத்து, நம்மைப் பற்றிய விவரங்கள். சிம் கடை, லோன் ஏஜென்ட், லாட்ஜ் வரவேற்பறை என்று எத்தனை இடங்களில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்போம்! அவையும் நிறுவனங்களிலிருந்து கசிந்த பட்டியல்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் அழைப்பவருக்கு உங்கள் பெயர், முகவரி, சில சமயம் ஆதார் எண்கூடத் தெரிந்திருக்கும். அது தெரிந்ததாலேயே அவர் அதிகாரி ஆகிவிடமாட்டார்.

மூன்றாவது காரணம், இது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒரு காலத்தில் ஜார்க்கண்டின் ஜாம்தாரா போன்ற இடங்களில் இளைஞர்கள் சிலர் உட்கார்ந்து "ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் செய்துகொண்டிருந்தார்கள். இன்று கம்போடியா, லாவோஸ், மியான்மரின் மியாவாடி ஆகிய இடங்களில் மதில் சூழ்ந்த வளாகங்களுக்குள் ஷிஃப்ட் முறையில் மோசடி நடக்கிறது. பேச வேண்டிய வசனம் எழுத்தில் இருக்கும், நாளுக்கு இத்தனை பேர் என்று இலக்கு இருக்கும். அங்கே உட்கார்ந்து பேசுபவர்களில் பலர் டேட்டா என்ட்ரி வேலை, ஐடி வேலை என்று ஆசைகாட்டி அழைத்துப் போகப்பட்டவர்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், மறுத்தால் அடி. 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டு சென்னை திரும்பியவர்களில் 13 தமிழர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டு நடைகளில் 549 இந்தியர்களை அழைத்துவந்தது. வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்டிடம் பணம் கட்டும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டும்: சுற்றுலா விசாவில் போய்ச் சேரச் சொல்லும் "கம்ப்யூட்டர் வேலை" எதுவாக இருந்தாலும், அரசின் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பார்க்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட்: படிப்படியாக

போலீஸ் போல நடித்து, வீடியோ காலிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிப்பதுதான் டிஜிட்டல் அரெஸ்ட். இன்று மிகக் கொடூரமானது இந்த வகைதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பதிவுசெய்த குரல் ஒன்று வரும். "உங்கள் மொபைல் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9ஐ அழுத்தவும்." அழுத்தினால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவர். "உங்க ஆதாரை வச்சு மும்பையில இன்னொரு சிம் வாங்கியிருக்காங்க மேடம். அதுல இருந்து தப்பான மெசேஜ் எல்லாம் போயிருக்கு. உங்க மேல எஃப்ஐஆர் இருக்கே, தெரியாதா?" சில நேரம் டிராய்க்குப் பதில் கூரியர் கம்பெனி: உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். கதை மாறலாம், குற்றச்சாட்டு மட்டும் எப்போதும் கேட்டவுடன் கை நடுங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.

"நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று நீங்கள் பதறியதும், "அப்படின்னா போலீஸ்லயே சொல்லிடுங்க, லைனை மாத்தித் தர்றேன்" என்பார். அடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோ கால். சீருடை, பின்னால் கொடி, சுவரில் இலச்சினை, நடுவில் வாக்கிடாக்கி சத்தம். ஒருவர் மிரட்டுவார். சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்து கனிவாகப் பேசுவார்: "நீங்க தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியுதும்மா. உங்களைக் காப்பாத்தத்தான் பார்க்கிறேன். நீங்க ஒத்துழைக்கணும்." அந்தக் கனிவில்தான் பலர் விழுகிறார்கள்.

பிறகு நிபந்தனைகள் வரும். கேமராவை அணைக்கக் கூடாது. வீட்டை விட்டுப் போகக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள். உச்ச நீதிமன்றம், ரிசர்வ் வங்கி முத்திரைகளோடு கடிதங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழும். இப்படியே ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு வாரக்கணக்கில். கடைசியில், "உங்க பணம் சட்டப்படி சம்பாதிச்சதான்னு சரிபார்க்கணும். இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்க, சரிபார்த்ததும் திரும்ப வந்துடும்." எஃப்டியை உடைக்கச் சொல்வார்கள். வங்கி மேனேஜர் கேட்டால் மகளுக்கு வீடு வாங்குவதாகச் சொல்லச் சொல்லி, அந்தப் பொய்யையும் அவர்களே கற்றுக்கொடுப்பார்கள்.

இதில் ஏமாறுபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்டில் இப்படி 7 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார். அவருக்கு வீடியோ காலில் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டினார்கள், தலைமை நீதிபதி பெயரில் ஒருவர் பேசினார். பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்து நிறுவனம் நடத்துகிற ஒருவருக்கே இது நடந்தது. அவர் அதை மறைக்காமல் வெளியே சொன்னதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர் விரைந்து புகார் கொடுத்ததால் ஐந்து கோடிக்கு மேல் மீட்கவும் முடிந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அதிகாரி அந்த நபரின் உடலைத் தொட்டோ கட்டுப்படுத்தியோதான் கைது செய்ய வேண்டும். அவராகவே காவலுக்கு உட்பட்டால் மட்டும் அது தேவையில்லை. வீடியோ காலில் யாரும் யாரையும் காவலில் வைக்க முடியாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. பணத்தைச் "சரிபார்க்க" வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் நடைமுறை ரிசர்வ் வங்கியில் இல்லை, சிபிஐயில் இல்லை, அமலாக்கத் துறையிலும் இல்லை. பிரதமர் 2024 அக்டோபர் மன் கி பாத் உரையில் இதைப் பற்றியே விரிவாகப் பேசினார். 2025 டிசம்பரில், நாடு முழுவதும் உள்ள டிஜிட்டல் அரெஸ்ட் வழக்குகளை சிபிஐ விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் இது நடக்கக் காரணம், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இல்லாததுதான். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் இந்த மோசடியின் உயிர்நாடி. போனை வைத்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினாலே கதை முடிந்துவிடும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேமராவை அணைக்க விடுவதில்லை.

பயம் ஒரு வழி, ஆசை இன்னொரு வழி

தொகை அளவில் பார்த்தால் இழப்பில் பெரும் பங்கு முதலீட்டு மோசடிகளில்தான் போகிறது. பங்குச்சந்தை டிப்ஸ் தருவதாக ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் உங்களைச் சேர்த்துவிடுவார்கள். நூறு பேர் இருப்பார்கள், தினமும் "சார், இன்னிக்கு 40 ஆயிரம் லாபம், ரொம்ப நன்றி" என்று போடுவார்கள். அந்த நூறில் ஏமாறப்போகிறவர் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம். அவர்கள் தரும் செயலியில் 5,000 ரூபாய் போட்டால் 6,500 என்று காட்டும். எடுக்க முயன்றால் கணக்குக்கு உண்மையாகவே வந்துவிடும். அந்த 1,500 ரூபாய்தான் தூண்டில். அதன் பிறகு லட்சங்கள் போடுவீர்கள். திரையில் கோடி காட்டும், எடுக்கப் போனால் "முதலில் 20 சதவீதம் வரி கட்டுங்கள்" என்பார்கள். நல்ல பங்குத் தரகர் யாரும் உங்கள் லாபத்தை விடுவிக்கத் தனியே வரி கட்டச் சொல்லமாட்டார். தரகர் உண்மையானவரா என்பதை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் இணையதளத்தில் பதிவு எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். யூடியூப் லைக் போட்டால் 50 ரூபாய், ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் 150 ரூபாய் என்று வரும் "பார்ட் டைம் வேலை"யும் இதே தூண்டில்தான்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சோபாவை ஆன்லைனில் விற்கப் போட்டால், "பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கோங்க" என்று ஒருவர் பேசுவார். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை, பணம் போவதற்குத்தான் பின். டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) நிறுவினால், அது உங்கள் எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியை அவர்களுக்கு அனுப்பிவிடும். கூரியர்காரர் போலப் பேசி *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும்.

பணம் எங்கே போகிறது?

ஏமாற்றியவர் தன் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. கல்லூரி மாணவர்கள், கடனில் இருப்பவர்கள் போன்றோரிடம் "உன் அக்கவுண்டை மட்டும் கொடு, வர்ற பணத்துல கமிஷன் தர்றேன்" என்று பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பத்து லட்சம் முதலில் அப்படி ஒரு கணக்குக்குப் போகும், சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து கணக்குகளாகப் பிரியும், அங்கிருந்து மறுபடி பிரியும், பின்பு ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். வாடகைக் கணக்கு கொடுத்தவரையும் போலீஸ் கைது செய்கிறது. தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு 2024 டிசம்பரில் 'திரைநீக்கு' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடத்திய நடவடிக்கையில் சிக்கியவர்களில் இப்படிக் கணக்கு கொடுத்தவர்கள் ஏராளம். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் இதைக் கட்டாயம் பேசிவிடுங்கள். ஐயாயிரம் ரூபாய் கமிஷனுக்காக ஒரு பிள்ளையின் பெயர் வழக்கில் ஏறினால், அரசு வேலை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும்.

முன்னேற்பாடுகள்

முக்கியமானது ஒன்றுதான்: பணம் கேட்கும் எந்த அழைப்பிலும் முதலில் போனை வையுங்கள். உண்மையான போலீஸ் என்றால் வீட்டுக்கு வருவார், உண்மையான வங்கி என்றால் கிளையில் இருக்கும். பத்து நிமிடம் தள்ளிப்போனால் எந்த நல்ல காரியமும் கெட்டுவிடாது. வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: பத்தாயிரத்துக்கு மேல் புதிய யாருக்கும் அனுப்பும் முன் குடும்பத்தில் இன்னொருவரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா அப்பா தனியாக வேறு ஊரில் இருந்தால், யாராவது எதையாவது "ரகசியம்" என்று சொன்னால் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். எந்த நேரம் கூப்பிட்டாலும் சலித்துக்கொள்ளாமல் எடுங்கள்.

யுபிஐக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, மாதச் செலவுக்கு வேண்டிய பணத்தை மட்டும் அதில் போடுங்கள். ஓய்வூதியச் சேமிப்பு இருக்கும் கணக்கை எந்தச் செயலியோடும் இணைக்க வேண்டியதில்லை. ஆன்லைன் பரிமாற்ற வரம்பை வங்கிச் செயலியிலேயே குறைத்து வைக்கலாம். இது சின்ன வேலைதான், ஆனாலும் பதறிய நிலையில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தத் தடைதான்.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி எண்களைப் போட்டு வைத்திருப்பார்கள். கார்டின் பின்புறம் இருக்கும். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. வங்கி இணையதள முகவரிகளும் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். ஆதாரின் கைரேகையை எம்ஆதார் செயலியில் பூட்டலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டால்

இதுவரை நிதானமாக இருக்கச் சொன்னேன். பணம் போனது தெரிந்த நொடியிலிருந்து வேகம்தான் வேண்டும். சைபர் மோசடிப் புகாருக்கான அரசின் உதவி எண் 1930. அதற்கு உடனே போன் செய்யுங்கள். எந்த வங்கியிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். அந்த விவரம் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே போகும். பணம் அங்கேயே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். வேறு வங்கிக்குப் போயிருந்தால் எச்சரிக்கை அதைத் துரத்திக்கொண்டு அங்கே போகும். முதல் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். 2021இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து 2025 ஜூலை வரை 5,400 கோடி ரூபாய்க்கு மேல் இப்படித் தடுக்கப்பட்டிருக்கிறது. 2024இல் மட்டும் போன 22,845 கோடியோடு ஒப்பிட்டால் இது போதாதுதான். தாமதமாகச் சொன்னவர்கள் அத்தனை பேர்.

அடுத்து, உங்கள் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் எழுத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட், எண்கள், குரல்பதிவு எதையும் அழிக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு சுற்றறிக்கை ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால், முழு இழப்பும் வங்கியைச் சேரும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் அதுவரை போனது உங்கள் பொறுப்பு. ஆனால் புகார் செய்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பொறுப்பு. எனவே புகார் கொடுத்த நேரத்தைக் குறித்துவைத்து, எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திவைக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்கும் அந்தப் புகார் எண்தான் ஆதாரம்.

வீட்டில் யாராவது ஏமாந்திருந்தால் அன்றைக்குத் திட்டாதீர்கள். "இவ்வளவு படிச்சும் இப்படியா" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பலர் ராத்திரி முழுக்க சொல்லாமல் இருந்து, அந்த முதல் மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். உயிரையே விட்டவர்களும் இருக்கிறார்கள். பணத்தை விட அந்த மனிதர் முக்கியம்.

ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது. சில வாரம் கழித்து, "நாங்க சைபர் செல், உங்க பணத்தை மீட்டுட்டோம், ப்ராசஸிங் கட்டணம் கட்டினா அனுப்பிடுவோம்" என்று வேறொரு குரல் வரும். 1930 எதற்கும் கட்டணம் வாங்குவதில்லை, போலீஸும் வாங்குவதில்லை. அந்த அழைப்பு வந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.